முற்றிய வாய்ப்புற்று: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் புற்றுநோய் வார்டு ஒன்றில் கவுன்சிலராக இருக்கிறேன். பயாப்ஸி ரிசல்ட்டோடு வராந்தாவில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால், போன மாதம் வந்தவர்கள் செய்ததையே இவர்களும் செய்யப் போகிறார்களே என்று மனசு பதைக்கிறது. புகையிலையை விடுங்கள், நாட்டு மருந்தில் நாளைக் கடத்தாதீர்கள் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் மற்றதைச் சொல்கிறேன்.

நாலாம் ஸ்டேஜ் என்றதும் கையை விரிப்பது

வாய்ப்புற்று தாடை எலும்புக்குள் ஊடுருவிவிட்டாலே நாலாம் ஸ்டேஜ்தான். நுரையீரலுக்குப் பரவியதும் நாலாம் ஸ்டேஜ்தான். முதல் வகையைக் குணப்படுத்தும் நோக்கத்தோடே ஆபரேஷன் செய்கிறார்கள். அதனால் "குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

நோயாளிக்குத் தெரியாமல் முடிவெடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர். கன்னத்தில் புண், தாடை வரை போயிருந்தது. "அப்பா தாங்க மாட்டாருக்கா, சொல்லிராதீங்க" என்று மகன்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வெறும் கட்டி என்று சொல்லியே ஆபரேஷனுக்கு அனுப்பினார்கள். கண் விழித்தபோது தாடையில் ஒரு பகுதி இல்லை, மூக்கில் ட்யூப். அவர் யாரிடமும் பேசவே இல்லை.

அப்புறம் கரண்ட் வைக்கும் கட்டம், அதாவது ரேடியேஷன். வாரத்துக்கு 5 நாள், சுமார் 6 வாரம். மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாது. பலருக்கும் அப்படித்தான் ஆகும். கட்டியைத்தான் எடுத்தாச்சே, இந்த வேதனை எதற்கு என்று பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் நினைத்ததில் என்ன தப்பு? கட்டி என்றுதானே சொல்லியிருந்தார்கள்! கரண்ட் வைப்பது இடையில் நின்றால், மிச்சமிருக்கும் புற்றுசெல்கள் மறுபடி பெருகும். சில மாதம் கழித்துக் கழுத்தில் கட்டியோடு வந்தார். "என் வாயில என்னன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையேம்மா" என்றார். மகன்கள் தலையைக் குனிந்து நின்றார்கள்.

பிள்ளைகளின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வலியைத் தாங்கப் போகிறவர் அவர். எதை எடுப்பார்கள், பேச்சு எப்படி இருக்கும், எதைச் சாப்பிட முடியும், கரண்ட் எத்தனை நாள் என்பதெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே அவர் காதில் விழ வேண்டும். சொல்லத் தயக்கமாக இருந்தால் டாக்டரையோ எங்களையோ சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு தெரிய வேண்டும் என்று அவரையே முதலில் கேட்டுவிட்டுத்தான் சொல்வோம். வேண்டாம் என்றால் அதுவும் அவர் முடிவு.

கத்தி பட்டால் பரவும் என்று நம்புவது

பரவாது.

பல்லைக் காட்டாமல் கரண்டுக்குப் போவது

கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். சொத்தைப் பல்லை முன்பே எடுத்து, புண் ஆற இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். ஆபரேஷன் முடிந்து சுமார் 6 வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பிப்பது நல்லது என்பதால், பல் டாக்டரை ஆபரேஷனுக்கு முன்பே பாருங்கள்.

காப்பீட்டு அட்டையைக் கடைசியில் தேடுவது

முதலமைச்சர் காப்பீட்டில் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். அட்மிஷனுக்கு முன்பே எடுத்துவிட்டு, நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.