பழைய காரில் இன்ஜின் சூடும் ஒழுகலும்: பாகம் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் ரேடியேட்டர், அடுத்து வாட்டர் பம்ப் என்று மாற்றிக்கொண்டே போய், கடைசியில் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்ததைக் கண்டுபிடிப்பது பழைய கார்களில் அடிக்கடி நடக்கும் கூத்து. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். வண்டி எந்த நேரத்தில் சூடேறுகிறது? தண்ணீர் குறைகிறது என்றால் எந்த வழியாகப் போகிறது?

சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கூலன்டும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஒரே வீச்சில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் (ரப்பர் குழாயை) கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், அதன் பிறகே திறக்கலாம். பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் எலக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுற்றும். அருகில் கைவைப்பதற்கு முன் அதன் வயர் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.

ஓடும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரங்கட்டுங்கள். ஹீட்டர் கோர் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆவி கிளம்பினாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். முள் உச்சியிலிருந்து திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் மொத்தமும் போய், சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் அப்படித்தான் இறங்கும்.

எப்போது சூடேறுகிறது

நெரிசலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மீது. ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அதனோடு ஃபேனும் சுற்ற வேண்டும். ரேடியேட்டரில் இரண்டு வயருடன், சூடேறினால் ஃபேனைப் போடும் தெர்மோ சுவிட்ச் இருக்கும் பழைய மாடல் என்றால், கனெக்டரைக் கழற்றி அந்த இரண்டு முனைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணையுங்கள். ஃபேன் சுற்றினால் கோளாறு சுவிட்சில், அல்லது தண்ணீர் குறைந்து சுவிட்சைத் தொடாமல் இருக்கிறது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். பெல்ட்டில் ஓடும், நடுவில் எண்ணெய்க் கிளட்ச் உள்ள விஸ்கஸ் ஃபேன் என்றால், இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டுக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாகத் தடுக்க வேண்டும். காற்றாடி போல் சுற்றிக்கொண்டே போனால், அல்லது கிளட்ச்சின் நடுவே எண்ணெய்க் கறை தெரிந்தால், அது தீர்ந்துவிட்டது.

நெடுஞ்சாலையில், மேட்டில், பாரத்தோடு போகும்போது மட்டும் சூடேறினால் சந்தேகம் ஃபேன் மீது இல்லை, ரேடியேட்டரின் வெளியே காற்று போகும் இடுக்கோ உள்ளே தண்ணீர் ஓட்டமோ அடைபட்டிருக்கலாம். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னால் இருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும், இடுக்கில் தூசியும் பூச்சியும் கம்பளி போல் அடைத்திருக்கும். உட்பக்க அடைப்பைக் கண்டுபிடிக்க, சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு இன்ஃப்ரா ரெட் வெப்பமானியை ரேடியேட்டர் முகத்தில் மெல்ல நகர்த்துங்கள். சூடு படிப்படியாக இறங்க வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே குழாய்கள் உப்பு படிந்து அடைத்திருக்கின்றன. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் இது சகஜம்.

இதே அறிகுறிக்கு அதிகம் பேர் கவனிக்காத காரணம் கீழ் ஹோஸ். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போனால் அதிக வேகத்தில் ஹோஸ் சப்பி, தண்ணீர் நின்றுவிடும். இன்ஜின் சூடான பிறகு உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை நிமிடத்துக்கு 3000 சுற்று வரை மிதிக்கச் சொல்லிவிட்டு ஹோஸைக் கண்ணால் பாருங்கள். கை வேண்டாம்.

கிளம்பிய ஐந்து, பத்து நிமிடத்திலேயே முள் ஏறிவிட்டால் சூடு வந்ததும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது தண்ணீர்ப் பாதையில் காற்று சிக்கிய ஏர் லாக், அல்லது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் பழுது. தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம். கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டி, பெரும்பாலும் 82 முதல் 92 டிகிரிக்குள், வால்வு விலகத் தொடங்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது சிறிய ஆடும் பின் இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும், காற்று வெளியேறும் வழி அதுதான். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டினால் நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிப்பதும், தேய்மானம் கூடுவதும்தான் அதில் கிடைக்கும் லாபம்.

தண்ணீர் எங்கே போகிறது

மூடியிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் வளையம் கடினமாகி, வெடிப்போ பள்ளமோ விழுந்திருந்தால் மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்த அளவுதான் வாங்க வேண்டும். நடுவில் இருக்கும் சின்ன வால்வு, இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்க்கிலிருந்து தண்ணீரை உள்ளே விட வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் காலையில் ஹோஸ் சப்பிக் கிடக்கும்.

அடுத்தது பிரஷர் டெஸ்டர். குளிர்ந்த இன்ஜினில் ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் உள்ள அளவு வரை பம்ப் செய்யுங்கள், அதைத் தாண்டக் கூடாது. 15 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் வரிசையாகப் பாருங்கள்: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, ஹோஸ் கிளாம்ப்புகள், தெர்மோஸ்டாட் உறை, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை மூடியிருக்கும் உலோகத் தட்டுகளான கோர் பிளக்குகள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதிலிருந்து கூலன்ட் வழிந்து காய்ந்த கோடு இருந்தால் பம்ப் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிடும். காருக்குள் முன்சீட்டின் கால்மிதி ஈரமாகி, கண்ணாடியில் இனிப்பு மணத்தோடு பிசுபிசுப்பான மூட்டம் படிந்தால் ஹீட்டர் கோர்.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குள், ஹோஸ் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே, கல் போல் இறுகினால் உள்ளே போவது எரிந்த வாயு. அவ்வளவு சீக்கிரம் சூட்டினால் அந்த அழுத்தம் வர வாய்ப்பில்லை. மூடி திறந்த ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வருவதும், சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை வருவதும், ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவியது போல் வெளுத்திருப்பதும் அதையே சொல்லும். நீல நிறச் சோதனைத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் காற்றை இழுக்கும் கருவி கிடைத்தால் இன்னும் உறுதி: பெட்ரோல் இன்ஜினில் திரவம் மஞ்சளானால் கேஸ்கட் ஊதியிருக்கிறது, அல்லது ஹெட்டில் விரிசல். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் பால் போன்ற நுரை இருந்தால் பயப்பட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் படிவது அப்படித்தான். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் வந்தால்தான் விஷயம் பெரிது, அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

தரையில் விழும் சொட்டு

இரவில் வண்டிக்கு அடியில் அகலமான அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று வழவழப்பும் இனிப்பு மணமும் இருந்தால் கூலன்ட். அது நாய், பூனைகளுக்கு விஷம், உடனே துடைத்துவிடுங்கள். பழுப்பும் கருப்பும் இன்ஜின் ஆயில். சிவப்பு பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். கெட்டியாகவும் கந்தக நாற்றத்தோடும் இருப்பது கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக நனைந்திருந்தால் பிரேக் ஆயில். அந்த வண்டியை நகர்த்தாதீர்கள். ஏ.சி. ஓட்டிய பிறகு வரும் வெறும் தண்ணீர் பழுதே அல்ல.

ஆயில் எப்போதும் கீழே வழிந்து, ஓட்டத்தில் பின்னால் பரவும். அதனால் சொட்டும் இடம் ஓட்டை இருக்கும் இடம் அல்ல. நனைந்ததில் மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதுமான இடத்தைத் தேடுங்கள். டீகிரீஸர் போட்டுக் கழுவி, காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, 15 நிமிடம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். முதலில் கறுக்கும் கோடு வழி காட்டும். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், இன்ஜினின் உச்சியில் இருக்கும் டேப்பெட் கவர் கேஸ்கட்டின் பின்மூலையைத் தடவிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். பல இடங்களில் ஒரே சமயத்தில் ஒழுகினால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் அடைத்திருக்கிறது. உள்ளே தேங்கும் வாயு எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும், புது சீல் போட்டாலும் நிற்காது.

வேலை முடிந்து கூலன்ட் நிரப்பும்போது காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து, வண்டியின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழி நிற்கும் வரை ஓடவிடுங்கள். பழைய பச்சை வகையோடு ஆரஞ்சு வகையைக் கலந்தால் சில நேரம் கூழாகி அடைத்துவிடும். ஒழுகலை அடைக்கும் பவுடர்களும் ஹீட்டர் கோரைத்தான் முதலில் அடைக்கும். ரிசர்வ் டேங்க்கில் மார்க்கரால் கோடு போட்டு, அடுத்த மூன்று காலையும் குளிர்ந்த இன்ஜினில் பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்குவது சிக்கிய காற்று வெளியேறியதால். மூன்றாம் நாளும் இறங்கினால் பிரஷர் டெஸ்டரைத் திரும்ப மாட்டுங்கள்.