டேனி பாய்க்கு எத்தனை வயது? ஐரிஷ் பாட்டும் ஆட்டமும் பகிரும்போது நேரும் தவறுகள்

மார்ச் 17, அயர்லாந்தின் திருநாளான செயின்ட் பேட்ரிக் தினம் வந்துவிட்டால் யாராவது ஒருவர் ஸ்டேட்டஸில் ‘டேனி பாய்’ பாட்டைப் போட்டுவிடுவார். கீழே ஒரு வரி: “பல நூற்றாண்டுப் பழமையான அயர்லாந்து நாட்டுப்புறப் பாடல்.” மெட்டு பழையதுதான். வட அயர்லாந்தின் லிமவாடியைச் சேர்ந்த ஜேன் ராஸ் எழுதிக் கொடுத்ததை ஜார்ஜ் பெட்ரி 1855இல் அச்சேற்றினார். ஆனால் வரிகளை எழுதியவர் ஃபிரெடரிக் வெதர்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். 1910இல் வேறு மெட்டுக்காக எழுதி வைத்திருந்தார். அமெரிக்காவில் இருந்த சகோதரரின் மனைவி இந்த மெட்டை அனுப்பியதும் வரிகளை இதற்குத் தோதாகத் திருத்தினார். 1913இல் பாட்டு வெளிவந்தது.

ஐரிஷ் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சோகமாக இருந்தால் பழையது என்று நினைத்துவிடுகிறோம்.

நானும் சறுக்கியிருக்கிறேன். ‘தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆத்தன்ரை’ பாட்டைப் பஞ்ச காலத்து மக்களே பாடியது என்று நண்பர்கள் குழுவில் எழுதி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பசித்த குடும்பத்துக்காகத் தானியம் திருடியவன் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்படும் கதை அது. கேட்டால் 1840களின் குரல் போலவே இருக்கும். எழுதியது பீட் செயின்ட் ஜான் என்ற டப்ளின்காரர், அதுவும் 1970களில். பஞ்சம் மட்டும் நிஜம்: 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதில் தொடங்கி, சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதற்குக் குறையாதவர்கள் கப்பலேறினார்கள்.

அந்தப் பாட்டில் திருடுபோவது ‘டிரெவெலியனின் தானியம்’. பஞ்ச நிவாரணத்தைக் கவனித்த பிரிட்டிஷ் கருவூல அதிகாரி சார்லஸ் டிரெவெலியன்தான் அவர். அதே மனிதர் 1859இல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சியில் வந்தது. பாட்டைப் பகிரும் நம்மவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, இல்லாத பழமையைத்தான் சொல்கிறோம்.

இதன் இன்னொரு வடிவம், சம்பவம் நடந்த வருஷத்தைப் பாட்டின் வருஷமாக எழுதுவது. ‘பூலவோக்’ என்ற பாட்டு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் வெக்ஸ்ஃபோர்ட் மக்களைத் திரட்டிய பாதிரியார் ஜான் மர்ஃபியைப் பற்றியது. பி. ஜே. மெக்கால் அதை எழுதியது நூற்றாண்டு நினைவை ஒட்டி, 1898இல். இரண்டு தேதியையும் போட்டால்தான் விஷயம் புரியும். சுதந்திர வேட்கை மறுபடி சூடுபிடித்த காலத்தில், தாத்தாக்களின் தோல்வியைப் பேரன்கள் வீரமாகப் பாடிக்கொண்டார்கள்.

ஆட்டத்துக்கு வந்தால் கட்டுக்கதை இன்னும் அதிகம். கைகளை விறைப்பாகத் தொங்கவிட்டுக் கால்களை மட்டும் ஆட்டுவது ஏன்? பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆடுவது தெரியக்கூடாது என்று ஒரு கதை, பாதிரியார்கள் மிரட்டினார்கள் என்று இன்னொன்று. கேட்க ருசியாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. மேற்கே கொனமாராவில் ஆடும் ‘ஷான்-நோஸ்’ (‘பழைய பாணி’ என்று பொருள்) ஆட்டத்தைப் பாருங்கள், கை தாராளமாக அசையும். ஒளிந்து ஆடிய சனம் என்றால் அங்கே மட்டும் எப்படிக் கை வீசினார்கள்? ஊர் ஊராகப் போன நடன வாத்தியார்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உடம்பை நிமிர்த்தி அடக்கமாக ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னால் வந்த போட்டிகளும் நடுவர்களும் அந்த நிமிர்வை இறுக்கமான விதியாக்கினார்கள்.

‘கேலி’ (céilí) என்ற கூட்டு நடனம் ஆதிகாலத்துக் கிராம மரபு என்று எழுதுவதும் அப்படித்தான். அந்தப் பெயரில் முதல் பொது நிகழ்ச்சி நடந்தது 1897 அக்டோபரில், லண்டனில். ஐரிஷ் மொழியை மீட்க 1893இல் தொடங்கிய கேலிக் லீக்கின் லண்டன் கிளை நடத்தியது. அதே லீக்கைச் சேர்ந்தவர்கள் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ‘செட்’ நடனத்தை அந்நியச் சரக்கு என்று ஒதுக்கினார்கள், அதன் வேர் பிரான்ஸின் குவாட்ரில் என்பதால். கிளேர் மாவட்டத்து விவசாயிகள் அதைக் கேட்டு ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 1935இல் பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்ததும் வீட்டுக்கூடத்திலும் நாற்சந்தியிலும் நடந்த ஆட்டங்களுக்குத்தான் பெரிய அடி விழுந்தது. ஐரிஷ் ஆட்டத்தை ஒடுக்கியது பிரிட்டிஷ்காரன் மட்டும்தான் என்று எழுதும்போது இது ஞாபகம் இருக்கட்டும், 1935இல் டப்ளினில் சட்டம் போட்டது சொந்த அரசாங்கம்.

‘ரிவர்டான்ஸ்’ வீடியோவைப் பழங்குடி நடனம் என்று போடுகிறவர்களுக்கு: அது முதலில் மேடையேறியது 1994 ஏப்ரல் 30, டப்ளினில், யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில், ஏழு நிமிடம். இசை பில் வீலன். முன்னணியில் ஆடிய மைக்கேல் ஃபிளாட்லி, ஜீன் பட்லர் இருவருமே அமெரிக்காவில் பிறந்தவர்கள். இதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

வேகமான மெட்டு எல்லாமே ‘ஜிக்’ இல்லை. ஜிக் மும்மூன்றாக எண்ணும் தாளம், ரீல் நான்கு நான்காக ஓடுவது. ரீல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது, கெர்ரி பக்கம் கொண்டாடும் போல்கா இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவிலிருந்து. வாத்தியங்களும் அப்படியே. ‘பூசூக்கி’ என்ற நரம்பு வாத்தியம் கிரேக்கத்திலிருந்து 1960களில் வந்து சேர்ந்தது. ‘பௌரான்’ என்ற தோல்பறை அதுவரை பெரும்பாலும் டிசம்பர் 26 ஊர்வலங்களில் ஒலித்தது, மேடைக் குழுவில் அதற்கு இடம் தேடிக் கொடுத்தவர் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாதா.

ஒன்றைச் செய்யவே கூடாது என்று சொல்வேன். ஆட்டத்தைப் போலவே ஷான்-நோஸ் என்ற பெயரில் பாட்டும் உண்டு, அதற்கு அடியில் தாளம் சேர்த்து இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வீடியோ போடாதீர்கள். துணை வாத்தியமே இல்லாமல், மூச்சுக்கும் சொல்லுக்கும் ஏற்ப நீண்டும் குறுகியும் போகும் ஐரிஷ் மொழிப் பாட்டு அது. கேட்பவர் சில சமயம் பாடுகிறவரின் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றுவார், இடையில் பாராட்டாக ஒரு சொல் சொல்வார். அந்த அறைக்குள் தாளப்பெட்டி நுழைந்தால் மிஞ்சுவது வேறேதோ.

பாட்டின் அரசியலையும் விசாரித்துக்கொள்ளுங்கள். டேனி பாய் மெட்டுக்குப் பெயர் ‘லண்டன்டெரி ஏர்’. லண்டன்டெரி வட அயர்லாந்தில் ஓர் ஊர். அயர்லாந்து தேசியவாதிகள் பலர் ‘லண்டன்’ என்ற முன்னொட்டை வாயில் வைக்கமாட்டார்கள், அவர்களுக்கு அந்த ஊர் வெறும் டெரி. பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்களுக்கு லண்டன்டெரி. தலைப்பில் எதை எழுதினாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

கடைசியாக, பெயர் போடுவது. ‘பாரம்பரியம்’ என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொள்ளாமல் பாடியவர், எழுதியவர், யாரிடமிருந்து கிடைத்தது என்று தெரிந்தவரை எழுதுங்கள். அயர்லாந்தின் கார்க்கில் பிறந்து சிகாகோவின் போலீஸ் தலைவராக உயர்ந்த ஃபிரான்சிஸ் ஓ’நீல், 1903இல் 1,850 மெட்டுகளைப் புத்தகமாக்கினார். அதில் பல மெட்டுகளோடு, கொடுத்தவரின் பெயரும் வந்து சேர்ந்தது. டேனி பாய் மெட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. லிமவாடியில் அதை வாசித்தது யார் என்று ஜேன் ராஸ் குறித்து வைக்கவில்லை.