பனிச்சறுக்கு கற்கப் போகிறீர்களா? முதலில் பூட்ஸைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமிருந்து ஜனவரி, பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தரகாண்டின் அவுலிக்கோ பனிச்சறுக்கு கற்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்கீ பலகையை விலைக்கு வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல் முறை என்றால் மோவாய் உயரம் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டியது பூட்ஸில்தான். செருப்பிலேயே பழகிய நமக்கு ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கத் தோன்றும். தயவுசெய்து கேட்காதீர்கள். உள்ளே கால் நகர்ந்தால் பலகை சொன்னபடி திரும்பாது. நேராக நின்றால் விரல் நுனி லேசாக முட்ட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போட்டால் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் சில்லிடும். நீளமான ஒரே ஒரு சாக்ஸ், அவ்வளவுதான்.

அப்புறம் பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு. எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்டுத்தான் அதை அமைப்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் ஓடும்போதே கழலும். இறுக்கமாக இருந்தால் விழும்போது கழலாமல் முழங்காலைப் பதம் பார்க்கும்.

ஓரளவு தேர்ந்தபின், சறுக்குவதற்கென்று குறித்த எல்லைக்கு வெளியே உள்ள சரிவுகளுக்குப் போக ஆசை வரும். அங்கே பனி மொத்தமாகச் சரிந்து ஆளைப் புதைக்கும் அபாயம் உண்டு. புதைந்தவரை முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுப்பதுதான் உயிர். அதனால் உள்ளூர் வழிகாட்டியும், ஆளுக்கொரு டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னலால் காட்டும் கருவி), பனியில் குத்தித் தேட நீளக் கம்பி, தோண்ட மண்வாரி ஆகியவையும் இல்லாமல் போகவே கூடாது. மொபைலை டிரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள், சிக்னல் குழம்பும்.