கடலூர்ல இருந்து லடாக்கா? மொத ரெண்டு நாள் சும்மா படுங்க

நம்ம ஆளுங்க லடாக் பிளான் போட்டா மொதல்ல ஜாக்கெட் எங்க வாங்கறதுன்னு தான் கேப்பாங்க, ஜாக்கெட் லடாக்கோட முக்கிய ஊரான லே மார்க்கெட்லயே வாடகைக்கு கெடைக்கும், அது பிரச்சனையே இல்ல. பிரச்சனை நம்ம ஒடம்பு தான். சில்வர் பீச்ல கால் நனைச்சிட்டு இருக்கற ஒடம்ப டெல்லில ஃப்ளைட் ஏத்தி ஒன்னேகால் மணி நேரத்துல 11,500 அடில இருக்கற லேல எறக்குறோம், ஊட்டியே 7,300 அடி சொச்சம் தான். அங்க காத்தழுத்தம் கம்மி, ஒவ்வொரு மூச்சுக்கும் கெடைக்கற ஆக்ஸிஜன் இங்க கெடைக்கறதுல மூணுல ரெண்டு பங்கு தான் வரும்.

இதுல வேடிக்கை என்னன்னா எறங்குன உடனே ஒன்னுமே தெரியாது. நானும் நல்லா தானே இருக்கோம்னு அன்னிக்கு சாயங்காலமே குன்று மேல இருக்கற சாந்தி ஸ்தூபாங்கற புத்த ஸ்தூபி படில ஏறிட்டேன், நைட்டு பத்து மணிக்கு மண்டைய யாரோ ஒலக்கைல இடிக்கற மாதிரி வலி, வாந்தி வேற, மறுநாள் பூரா ரூம்லயே கெடந்தேன். ஏழெட்டு மணி நேரம் கழிச்சு தான் அந்த ஒசரம் வேலைய காட்டும். அதனால ரெண்டு நாள் லேலயே தங்குங்க, மொத நாள் படுக்கை தான், ரெண்டாவது நாள் மார்க்கெட் பக்கம் மெதுவா நடங்க, தண்ணி குடிச்சிட்டே இருங்க.

இந்த ஒசரத்து தொந்தரவு வராம இருக்க குடுக்கற டயமாக்ஸ் மாத்திரை பத்தி கெளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேளுங்க, சல்ஃபா மருந்து அலர்ஜி இருக்கறவங்க கட்டாயம் சொல்லிடணும். அத போட்டா விரல் நுனி குறுகுறுங்கும், அடிக்கடி ஒன்னுக்கு வரும், பயப்படாதீங்க. பிபி, ஹார்ட் பிரச்சனை இருக்கற பெரியவங்கள கூட்டிட்டு போறதா இருந்தா டாக்டர் ஓகே சொல்லாம டிக்கெட்டே போடாதீங்க.

இன்னொன்னு, பாண்டில சீப்பா கெடைக்குதேன்னு பேக்ல ஃபுல் பாட்டில் வச்சிட்டு வர்ற மச்சான் ஒருத்தன் எல்லா கேங்லயும் இருப்பான், மொத ரெண்டு மூணு நாள் அவன்கிட்ட பேக்க குடுக்காதீங்க. சரக்கும் தூக்க மாத்திரையும் தூங்கறப்போ மூச்ச இன்னும் கொறைக்கும்.

சும்மா உக்காந்திருக்கும் போதே மூச்சு வாங்குது, இருமல் நிக்கல, இல்ல குடிச்சவன் மாதிரி தள்ளாடறான், பேச்சு கொழறுதுன்னா காலைல பாத்துக்கலாம்னு விடவே கூடாது. அப்பவே ஆஸ்பத்திரி, இல்லன்னா வண்டி புடிச்சு கீழ எறங்கறது. ஆக்ஸிஜன் கேன் வாங்கி வச்சிருக்கோம்னு தைரியமா இருக்காதீங்க, அது கொஞ்ச நேரத்துக்கு தான்.

ரூட்லயும் ஒரு சூட்சமம் இருக்கு, மொதல்ல நுப்ரா பள்ளத்தாக்கு போங்க அப்புறம் பாங்காங் ஏரி. லேக்கும் நுப்ராவுக்கும் நடுவுல கர்துங்லா கணவாய் 17,000 அடிக்கு மேல தான், ஆனா அங்க பதினஞ்சு நிமிஷம் போட்டோ எடுத்துட்டு எறங்கிடுவோம், நைட்டு தூங்கற ஹுண்டர், நுப்ராவுல இருக்கற கிராமம், லேய விட தாழ்வு. பாங்காங் ஏரி கிட்டத்தட்ட 14,000 அடி, அங்க தூங்கறதுக்கு ஒடம்பு பழகி இருக்கணும். பைக்ல போற தம்பிங்க ஸ்ரீநகர், கார்கில் வழியா ஏறுங்க, மெல்ல மெல்ல ஒசரும், மணாலி வழில ரொம்ப ஒசரத்துல இருக்கற சர்ச்சுங்கற எடத்துல டென்ட் போட்டு படுத்தவங்க அந்த ராத்திரிய மறக்க மாட்டாங்க.

நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் ஒன்னாவது கூட்டத்துல இருக்கட்டும். லேய விட்டு கெளம்பும்போதே கேஷ் எடுத்துக்கங்க. ஆதார் ஜெராக்ஸும் நாலஞ்சு வைங்க.

சாப்பாட்டுக்கு பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துட்டு போங்க, ஆனா சாதம் வடிச்சுக்கலாம்னு சின்ன பாத்திரம் தூக்கிட்டு போகாதீங்க, தண்ணி அங்க 88 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம அரிசி லேசுல வேகாது, நாங்க ஒரு மணி நேரம் பாத்துட்டு துக்பா, அதான் அந்த ஊர் நூடுல்ஸ் சூப், குடிக்க போயிட்டோம்.

திரும்பும்போது ஃப்ளைட் வானிலைய பொறுத்து கேன்சல் ஆகும், டெல்லில ஒரு நாள் கேப் விட்டு தான் சென்னை டிக்கெட் போடணும், மறுநாளே ஆபீஸ்னு லீவ் போட்டுட்டு வராதீங்க.