12 பேர், 8 வேலை: கிளப் துப்பாக்கி சுடும் போட்டியில் வேலையைப் பிரிப்பது எப்படி?

கிளப் அளவில் நடக்கும் ப்ராக்டிகல் பிஸ்டல் (வேகத்தையும் குறியையும் சேர்த்து மதிப்பிடும் கைத்துப்பாக்கி) போட்டிகளில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. டைமர் பிடிப்பது, ஸ்கோர் பதிவது, காகித டார்கெட்டில் விழுந்த ஓட்டைகளை ஒட்டுவது, சாய்ந்த பாப்பர்களை (குண்டு பட்டதும் விழும் இரும்பு டார்கெட்டுகளை) நிமிர்த்துவது என எல்லாமே சுட வந்தவர்களின் கையில்தான். ஆனால் பல குழுக்களில் நான்கு பேர் ஓடி ஓடி ஒட்டுவார்கள், மற்றவர்கள் நிழலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் இது சோம்பேறித்தனம் அல்ல. யாருக்கு எப்போது ஓய்வு, யாருக்கு எப்போது வேலை என்று காலையிலேயே ஒருவரும் சொல்லாததால் வரும் குழப்பம்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஸ்டேஜில் (ஒரு சுற்றுக்கென டார்கெட்டுகள் அமைத்த களத்தில்) 12 காகித டார்கெட், ஒவ்வொன்றுக்கும் 2 குண்டு என்றால் ஒருவர் சுட்டு முடித்ததும் 24 ஓட்டைகள். 12 பேர் குழுவுக்கு மொத்தம் 288 ஒட்டுகள். ஆறு பேர் இறங்கினால் ஆளுக்கு 2 டார்கெட், 4 ஒட்டு. ஸ்கோர் சொல்லி முடிக்கும்போதே வேலையும் முடிந்துவிடும். இரண்டே பேர் இறங்கினால் ஆளுக்கு 6 டார்கெட். அதனால் ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் தாமதமானால் ஒரு ஸ்டேஜில் 24 நிமிடம் போச்சு. ஆறு ஸ்டேஜுக்கு 2 மணி 24 நிமிடம். வெயிலில் எல்லோரும் களைத்து, கடைசி ஸ்டேஜைக் கவனமில்லாமல் சுடுவதற்கு இதுவே காரணமாகிறது.

படி 1: வரிசையை எழுதுங்கள், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நகர்த்துங்கள்

பெயர்களை 1 முதல் 12 வரை எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஸ்டேஜை 1ஆம் ஆள் தொடங்கட்டும், அடுத்ததை 3ஆம் ஆள், அதற்கடுத்ததை 5ஆம் ஆள். இப்படி இரண்டிரண்டாக நகர்த்தினால் 1ஆம் ஆள் ஆறு ஸ்டேஜிலும் முறையே 1, 11, 9, 7, 5, 3 என்ற இடங்களில் சுடுவார். முதலில் சுடுகிறவருக்கு மற்றவர்கள் எப்படிச் சுடுகிறார்கள் என்று பார்க்க வாய்ப்பே இல்லை. ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் முதலில் நிறுத்துவது அநியாயம்.

படி 2: யாருக்கு விலக்கு என்பதை உரக்கச் சொல்லுங்கள்

எந்த நேரத்திலும் நான்கு பேருக்குத்தான் விலக்கு. சுடுகிறவர், அடுத்தவர், அதற்கு அடுத்தவர், இப்போதுதான் சுட்டு முடித்தவர். வரப்போகும் இருவரும் மேகசின்களை (தோட்டா நிரப்பும் கூடுகளை) சரிபார்த்து, எங்கே நின்று எதைச் சுடுவது என்று மனதில் ஓட்டிப்பார்க்க வேண்டும். முடித்தவர் தன் ஸ்கோரை நேரில் பார்க்க ரேஞ்ச் ஆபீசருடன் (டைமர் பிடித்து, சுடுவதை மேற்பார்வையிட்டு, ஸ்கோர் சொல்பவருடன்) நடப்பார், பிறகு மேகசின்களை நிரப்புவார். அடுத்த ஆள் சுட்டு முடித்ததும் அவருக்கு விலக்கு முடிந்தது, வேலைக்கு வந்துவிட வேண்டும். இந்த எல்லையைச் சொல்லாவிட்டால் "மேகசின் நிரப்புகிறேன்" என்ற ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீளும்.

மீதி எட்டுப் பேர். ஒருவர் டைமர், ஒருவர் ஸ்கோர் பதியும் டேப்லெட், ஆறு பேர் களத்தில்.

டைமர் பிடிக்கப் பயிற்சி பெற்றவர் குறைந்தது இருவர் வேண்டும். டேப்லெட்டுக்கும் அப்படியே. டைமர் பிடிப்பவரின் முறை வர இரண்டு ஆள் இருக்கும்போதே அவர் டைமரைக் கைமாற்றிவிட வேண்டும். பெல்ட்டில் டைமரோடு ஓடிவந்து, மூச்சு வாங்க, தன் முறைக்கு நிற்கும்படி யாரையும் விடாதீர்கள். போட்டிக்கு அதிகம் உழைப்பவரின் ஸ்கோர்தான் அதனால் கெடுகிறது. டேப்லெட் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறையும் மூன்று பெயர்களைச் சொல்லட்டும்: சுடுகிறவர், அடுத்தவர், அதற்கு அடுத்தவர். அந்த மூன்று பெயரில் இல்லாத, இப்போதுதான் சுட்டு முடிக்காத எல்லோருக்கும் வேலை உண்டு என்பது தானாகவே விளங்கிவிடும்.

படி 3: களத்தைப் பாகம் பிரியுங்கள்

"எல்லாரும் வந்து ஒட்டுங்க" என்று கத்தினால் யாரும் அசைய மாட்டார்கள். மற்றவர் போவார் என்று ஒவ்வொருவரும் நினைப்பார். இடப்பக்கம் இருவர், நடுவில் இருவர், வலப்பக்கம் இருவர் என்று பிரித்து, பெயர் சொல்லி, டார்கெட் எண் சொல்லிக் கொடுங்கள். "3, 4 உங்களுது" என்றால் வேலை நடக்கும். நிழலில் நிற்பவரிடமும் இதே பேச்சுதான். குத்திக்காட்ட வேண்டாம், எண்ணைச் சொல்லுங்கள், போதும்.

முன்னும் பின்னும் ஓடும் டார்கெட்டை இயக்கும் கம்பி, கயிறு உள்ள இடத்தில் மட்டும் சுழற்சி வேண்டாம். கொக்கியைத் தவறாக மாட்டினால் டார்கெட் நகராது, அல்லது முன்கூட்டியே ஓடிவிடும். அந்த ஸ்டேஜ் முடியும்வரை ஒரே ஆள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும், அவர் சுடும்போது மாற்றாள் ஒருவரும் தயாராக இருக்கட்டும். முழங்கால், முதுகு வலி உள்ளவர்களுக்கு டேப்லெட் அல்லது பெயர் அழைக்கும் வேலை பொருத்தம்.

படி 4: ஒட்டும் முறை

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

"ரேஞ்ச் இஸ் கிளியர்" என்ற குரல் கேட்கும்வரை ஒரு அடிகூட முன்னே வைக்கக் கூடாது. சுட்டவர் துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறையில் வைத்த பிறகுதான் அந்தக் குரல் வரும். முன்னால் இருப்பவரைப் பார்த்து நகராதீர்கள், உங்கள் காதில் விழ வேண்டும்.

ஸ்கோர் சொல்லும் ரேஞ்ச் ஆபீசருக்கு ஒரு டார்கெட் பின்னால்தான் ஒட்டுகிறவர் இருக்க வேண்டும். ரேஞ்ச் ஆபீசர் "ரெண்டு ஆல்ஃபா" (அதிக மதிப்பெண் உள்ள பகுதியில் இரண்டு குண்டு) என்கிறார், டேப்லெட்காரர் அதையே திருப்பிச் சொல்கிறார், பிறகு ரேஞ்ச் ஆபீசர் அடுத்த டார்கெட்டுக்கு நகர்கிறார். அதன்பிறகே உங்கள் விரல் ஓட்டையைத் தொடலாம். ஸ்கோர் சொல்லும் முன் ஒட்டிவிட்டு, அதனால் ஸ்கோரைச் சரியாகக் கணிக்க முடியாமல் போனால் சுட்டவர் மறுபடி சுட வேண்டியதுதான். நன்றாகச் சுட்டிருந்தாலும் அது போச்சு. ஒட்டாமல் விட்டாலும் இதே கதி: அடுத்தவரின் டார்கெட்டில் நான்கு ஓட்டை இருந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாவிட்டால் அவரும் மறுபடி சுடுவார். சுட்டவர் ஒரு ஓட்டையை மறுத்துப் பேசிக்கொண்டிருந்தால் அந்த டார்கெட்டைத் தொடவே வேண்டாம்.

பழுப்பு டார்கெட்டுக்குப் பழுப்பு ஒட்டு, சுடக்கூடாத வெள்ளை டார்கெட்டுக்கு வெள்ளை, கறுப்பு அடித்த பகுதிக்குக் கறுப்பு. நிறம் மாறினால் தூரத்திலிருந்து அது ஓட்டைபோலவோ கோடுபோலவோ தெரிந்து அடுத்தவரை ஏமாற்றும். சுருளிலிருந்து நான்கைந்து ஒட்டுகளை முன்கூட்டியே உரித்து விரல்நுனியில் வைத்திருந்தால் வேகம் கூடும். ஓட்டையின் நடுவில் வைத்து, கிழிந்த விளிம்பு உள்ளே அடங்கும்படி கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். லேசாக வைத்தது காற்றில் விழுந்துவிடும். நடுப்பகுதி ஒட்டின்மேல் ஒட்டாகத் தடித்துவிட்டால், புது ஓட்டையின் விளிம்பு மதிப்பெண் கோட்டைத் தொட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. டார்கெட்டையே மாற்றச் சொல்லுங்கள். ஈரத்தில் ஒட்டு பிடிக்காது, துணியால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

பாப்பரைப் பக்கவாட்டில் நின்று, கால்விரல் அதன் பாதையில் வராமல் நிமிர்த்துங்கள். பெயின்ட் அடிக்கச் சொல்லியிருந்தால் ஒவ்வொருவருக்கும் அடியுங்கள். பாதிப் பேருக்கு வெள்ளையாகவும் பாதிப் பேருக்குச் சாம்பலாகவும் தெரிந்தால் அது சமமான போட்டி இல்லை.

காலித் தோட்டா பொறுக்குவது கடைசி வேலை. மற்றவர் ஒட்டும்போது குனிந்து பித்தளை சேகரிப்பவர் மீதுதான் குழுவில் மனக்கசப்பு அதிகம் எழும். ஒட்டி முடித்த பிறகு, அதுவும் ரேஞ்ச் ஆபீசர் அனுமதித்தால் மட்டும்.

படி 5: தொடக்க இடத்திலிருந்து ஒரு பார்வை

எல்லோரும் பின்னால் வந்ததும் ஒருவர் சுடுகிறவரின் இடத்தில் நின்று, எல்லா பாப்பரும் நிற்கின்றனவா, மறைப்புக்குப் பின்னால் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பத்து விநாடி வேலை. ரேஞ்ச் ஆபீசரும் பார்ப்பார், ஆனாலும் இன்னொரு ஜோடிக் கண் இங்கே அவசியம்.

புதியவருக்கு

முதல் போட்டியில் முதல் இரண்டு ஸ்டேஜ் வெறும் ஒட்டு வேலை செய்யுங்கள். மூன்றாவதில் டேப்லெட்காரர் பக்கத்தில் நின்று, அவர் பதிவதைப் பாருங்கள். நான்காவதில் அவர் மேற்பார்வையில் நீங்களே பதியலாம். உங்கள் முறை நெருங்கினால் சொல்லாமல் மறையாதீர்கள். கையிலிருக்கும் ஒட்டுச் சுருளைப் பெயர் சொல்லி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கைகளில் ஈயத்தூள் இருக்கும், கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

நீள்தூர ரைபிளில் குழி வேலை

டார்கெட்டை ஏற்றி இறக்கும் குழி உள்ள மைதானங்களில் மூன்று அணி: ஒன்று சுடும், ஒன்று பின்னால் ஸ்கோர் எழுதும், ஒன்று குழியில். தூரம் மாறும்போது அணியும் மாறும். இங்கே மெத்தனம் நேரடியாக ஒருவரின் நேரத்தைத் தின்னும். 20 தோட்டாவுக்கு 20 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் கீழே இறக்கிய டார்கெட் திரும்பி ஏற 20 விநாடி எடுத்தால் 6 நிமிடம் 40 விநாடி போய்விடும். 10 விநாடியில் ஏற்றினால் 3 நிமிடம் 20 விநாடிதான். குறித்தட்டை (குண்டு விழுந்த இடத்தைச் சுட்டவருக்குக் காட்டும் சிறு தட்டை) புது ஓட்டையில் செருகி, பழைய ஓட்டையை ஒட்டி, உடனே ஏற்றுங்கள். டார்கெட் மேலே இருக்கும்போது பின்னால் உள்ள மண்மேட்டைப் பாருங்கள். புழுதி கிளம்பினால் குண்டு வந்துவிட்டது.

கடைசி ஆள் ஒட்டி முடியும்வரை யாரும் கிளம்பாதீர்கள்

வரிசையில் முன்னால் சுட்டவர்கள் பையை மடக்கி அடுத்த ஸ்டேஜுக்கு நகர்ந்துவிடுவது வழக்கம். அப்போது 11ஆவது, 12ஆவது ஆளுக்கு ஒட்ட மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். உண்மையில் அந்த நேரத்தில் அதிக ஓய்வில் இருப்பவர்கள் முன்னால் முடித்தவர்களே. கடைசி நான்கு பேர் சுடும்போது களப்பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள்.

ஸ்டேஜ் அமைப்பதும் கலைப்பதும் வேலைக் கணக்கில் சேரும். காலையில் வந்து தட்டியும் இரும்பும் சுமந்தவர்கள் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். மாலையில் ஒவ்வொரு குழுவும் தான் கடைசியாகச் சுட்ட ஸ்டேஜைக் கலைக்கும்போது, கனமான இரும்புப் பாதங்களைத் தூக்கும் வேலை காலையில் வராதவர்களுக்கு. கலைத்த டார்கெட் குச்சிகள், மிஞ்சிய ஒட்டுச் சுருள்கள், பெயின்ட் டப்பா மூன்றும் ஒரே பெட்டியில் போய், டைமரும் டேப்லெட்டும் போட்டி இயக்குநர் கையில் சேர்ந்த பிறகே வண்டியை எடுக்கலாம்.