வகுப்பில் கதை வட்டம்: கேள்வியைச் சின்னதாக வையுங்கள்

வகுப்பில் ஒட்டாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளை உள்ளே கொண்டுவர, வாரம் ஒருமுறை 15 நிமிடக் கதை வட்டம் நடத்தலாம்: வட்டமாக உட்கார்ந்து, ஒரு கேள்விக்கு ஆளுக்கொரு சின்னக் கதை சொல்வது. குழுவுக்கு 6 முதல் 8 பேர். அதைத் தாண்டினால் கூச்சக்காரர்கள் ஒளிந்துகொள்வார்கள். ஆளுக்கு 90 விநாடி. விருப்பமில்லாதவர் பேசாமல் இருக்கலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலரும் சறுக்குவது கேள்வியில்தான். 'உன்னைக் காயப்படுத்திய சம்பவத்தைச் சொல்' என்று ஆரம்பித்தால், ஒரு பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுநாள் வகுப்புக்கு வரவே கூசும். 'தூக்கி எறிய மனம் வராமல் நீ வைத்திருக்கும் பொருள் எது?' என்று கேளுங்கள். கனமான விஷயம் என்றால் கற்பனைப் பாத்திரம் கைகொடுக்கும்: புதுப் பள்ளிக்கு வந்த ஆமை மதிய இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காரும்? ஆமையின் தயக்கத்தைச் சொல்வது சுலபம். அது யாருடைய தயக்கம் என்று நோண்டாதீர்கள்.

கேட்பவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது. மனதில் நின்ற ஒரு வரியைச் சொன்னால் போதும். மதிப்பெண், பிழைதிருத்தம் அறவே வேண்டாம்.

'இங்கே பேசுவது வெளியே போகாது' என்று முழு வாக்குறுதியும் தராதீர்கள். தற்கொலை எண்ணமோ வன்முறையோ தெரியவந்தால் அன்றைக்கே பள்ளி ஆலோசகரிடம் சொல்லியாக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள்.