வி.எச்.எஸ். கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது கரகரப்பு, உறுமல், பிந்தும் ஒலி

ஹைஃபை டெக்கில் பதிந்த வி.எச்.எஸ். கேசட்டில் ஒலி இரண்டு இடத்தில் இருக்கும். சுழலும் டிரம் ஹெட் (பதிந்து படிக்கும் காந்தமுனை) படத்தோடு சேர்த்துப் பதிவது ஒன்று, நகராத ஹெட் நாடா விளிம்பில் பதிவது இன்னொன்று. கரகரப்பு பெரும்பாலும் முதலாவதில்தான். டிராக்கிங் (ஹெட் நாடாவின் தடத்தோடு பொருந்தி ஓடுவது) விலகினால் டெக் இரண்டுக்கும் இடையே தாவும், ஒலி 'டப் டப்' என வெட்டும். டிராக்கிங்கைக் கையால் நகர்த்திச் சரிசெய்தேன். படம் தெளிவாகும் இடத்திலேயே ஒலியும் தெளியும் என்றில்லை, காதை நம்புங்கள். அப்படியும் அடங்காத கேசட்டுக்கு ஆடியோ தேர்வை 'நார்மல்' என்று வைத்தேன். தரம் குறையும், வெட்டாது.

விளிம்புத் தடம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாக இருந்தால், முதலில் ஆடியோ ஹெட்டை 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். (டிரம் பக்கம் பஞ்சு போகவே கூடாது, ஹெட் முனை உடையும்.) பிறகும் மந்தமென்றால் அசிமுத் திருகு, அதாவது நாடா ஓடும் திசைக்கு ஆடியோ ஹெட்டின் கோணத்தை மாற்றும் திருகு. பழைய நிலையை மார்க்கரால் குறித்து, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, 'ஸ' ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்தினேன். பக்கத்துத் திருகுகள் உயரத்துக்கும் சாய்வுக்குமானவை, தொடாதீர்கள். வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்கே திருப்பிவிடுங்கள்; இல்லையேல் அடுத்த கேசட் மந்தமாகும்.

மின்சாரத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு, டெக்கிலிருந்து கேபிள் டிவி வயரைக் கழற்றி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போதும்.

ஒலி போகப்போகப் பிந்தியதற்குக் காரணம், படம் யூஎஸ்பி கேப்சர் (டெக்கின் சிக்னலைக் கணினிக்கு மாற்றும் கருவி) வழியாகவும் ஒலி சவுண்ட் கார்டு வழியாகவும் போனது. இரண்டின் கடிகாரமும் ஒன்றல்ல. படம், ஒலி இரண்டையும் ஒரே கேப்சர் கருவியில் செருகி, 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தேன். ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவிடவில்லை.